முப்பது கையெழுத்து

எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. என் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் நாலு பிள்ளைகள் சிரிக்கும். நான் இரண்டாம் வகுப்பு. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஆடுகிற கால். ஒன்றாம் வகுப்புக்கு அந்த வருடம் புதிதாக வந்தவளைப் பிள்ளைகள் சின்ன டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தன. அதோடு நான் பெரிய டீச்சர் ஆகிப்போனேன். அதுவரை வெறும் டீச்சராக இருந்தவள்.

சின்ன டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் பாடப் புத்தகத்தைத் திறக்க மாட்டாள். "இன்னைக்கு யார் வீட்டுச் சேதி?" என்பாள். முறை வைத்து ஒரு பிள்ளை எழுந்து, தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதுவாள். மற்ற பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும். யார், எங்கே, எப்போது, எவ்வளவு. ஒவ்வொரு பதிலுக்கும் வாக்கியத்தில் ஒரு சொல் கூடும். அது பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வளர்ந்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு முப்பத்தொரு பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போய், வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி, அடியில் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

நல்ல முறைதான். இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு வயிற்றெரிச்சல். "எங்கள் பூனை நேற்று கட்டிலுக்கு அடியில் மூன்று குட்டி போட்டது" என்று அந்தப் பக்கம் முப்பது குரல் ஓங்கி வாசிக்கும்போது, இந்தப் பக்கம் என் பிள்ளைகள் கழித்தல் கணக்கில் கடன் வாங்க மறந்து பூனைக்குப் பின்னால் போய்விடும். போதாக்குறைக்கு ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாலும், "பெரிய டீச்சர், நீங்களும் ஒரு நாள் போய்ப் பாருங்க, புதுசா ஏதாவது கத்துக்கலாம்" என்றார்.

"நான் எதுக்கு சார் போகணும்? கழுத்த நீட்டினா தெரியுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இந்தக் கதை பட்டாணியைப் பற்றியது. சின்ன டீச்சரின் வகுப்பில் கடைசி வரிசை. ஆறு வயதுப் பெண் குழந்தை, உருண்டையாக இருப்பாள், ஓரிடத்தில் நிற்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். எங்கள் வரிசை வீடுகளில் என் வீட்டை ஒட்டிய வீடு அவளுடையது. அரை வருடம் போயும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்வாள். இரண்டைச் சேர்த்துக் காட்டினால் பலகையை விட்டுவிட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பாள், விடை அங்கேதான் எழுதியிருக்கிறது என்பதுபோல.

அவள் அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். மழை மாதங்களில் அவருக்கு வேலை கிடையாது. வாசல்படியில் உட்கார்ந்து தூரிகைகளை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார்.

"என்ன பெயிண்டர், இன்னைக்கும் லீவா?" என்றால், "சுவரெல்லாம் குளிச்சுக்கிட்டு நிக்குது டீச்சர். தலை துவட்டாம நான் எங்க பவுடர் பூசறது?" என்பார்.

அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிவது அவர் மனைவியின் கையால். கடைத்தெரு லாண்டரியில் துணி தேய்க்கிற வேலை அவளுக்கு. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடி. மழைக்காலத்தில் அந்த வேலை இரண்டு மடங்கு. துணி காயாது. ஈரத்தோடு வருவதைத் தேய்த்தே காய வைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உஸ்ஸென்று ஆவி முகத்தில் அடிக்கும். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில்தான் முதுகு. தேய்த்து மடித்ததும் கழுத்துப் பக்கம் எண் எழுதிய துணிச்சீட்டைக் குத்தி, அதே எண் போட்ட ரசீதின்படி அடுக்கில் வைக்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு துணி கூட அவள் கையில் தீய்ந்ததில்லை. அவள் முழங்கைதான் தீய்ந்திருக்கிறது, நாலைந்து இடத்தில்.

பட்டாணியின் பிறந்த நாள் அன்று நல்ல மழை. வாங்கியிருந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடு வீட்டில், விரித்த பாயின் மேல், பட்டாணி நின்றுகொண்டிருந்தாள். வானத்து நிறத்தில் ஒரு கவுன். கழுத்தைச் சுற்றி முத்து. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள். அவள் அம்மா ஒரு பன்னைப் பிய்த்துப் பிய்த்து அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்கறா? உக்காந்து சாப்பிடட்டுமே" என்றேன்.

"உக்காந்தா மடிப்பு விழுந்துடும், டீச்சரக்கா" என்றாள் அவள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளா அடுக்குலயே கெடக்குது. மழைக்கு யாரும் எடுக்க வரல. ஒரு மணி நேரந்தான். இப்பவே கழட்டி அலசி, மின்விசிறியில காயப் போட்டு, காலையில முதல் வேலையா தேய்ச்சு வெச்சுடுவேன். வாங்கிக் குடுக்க இந்த மாசம் கையில ஒண்ணும் இல்ல. பாவம், ஒரு தடவ போட்டுப் பாக்கட்டுமேன்னு."

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கழுத்துல குத்துதும்மா" என்றாள் பட்டாணி.

"நம்பர்ச் சீட்டு அது. அத எடுக்கக் கூடாது. பொறுத்துக்கோ."

நின்றபடியே ஒரு மணி நேரம் ராணி மாதிரி இருந்தாள் குழந்தை.

இது நடந்து இரண்டு நாள் கழித்துச் சேதி சொல்ல அவள் முறை வந்தது. அந்தப் பக்கம் சின்ன டீச்சர், "பட்டாணி, எழுந்திரு. பயப்படாத. ஒரே ஒரு சேதி" என்பது கேட்டது.

"நான் கவுன் போட்டேன்."

சுண்ணாம்புக் கட்டி பலகையில் உரசுகிற சத்தம். "ஆஹா. கேளுங்க பிள்ளைங்களா."

"எப்போ?"

"என் பொறந்த நாளுக்கு."

"என்ன கலர்?"

"நீலம். முத்து வெச்சது." பட்டாணியின் குரல் அன்று புதிதாக இருந்தது. யாரும் அவளிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை. கேட்காமலே சொன்னாள்: "நம்பர் கூட போட்டிருந்துச்சு, டீச்சர்."

"நம்பரா? என்ன நம்பர்?"

"நாலு. அப்புறம் ஏழு."

"நாலும் ஏழும் பக்கத்துல பக்கத்துல நின்னா?"

"நாப்பத்தேழு!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. சின்ன டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே கல்லில் கணக்குப் பாடமும் விழுந்துவிட்டதே.

"எங்கேயிருந்து வந்துச்சு?" ஒரு பையன் கேட்டான். என் கை அந்த இடத்தில் நின்றது. முப்பத்திரண்டிலிருந்து பதினெட்டைக் கழித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா வேலை பாக்குற கடையிலேருந்து."

சின்ன டீச்சர் ஊருக்குப் புதிது. எந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாது. துணிக்கடை என்று நினைத்திருப்பாள். எனக்குத் தெரியும். அந்த வரிசையில் இன்னொரு குழந்தை இருப்பதும் தெரியும். மருந்துக்கடைக்காரர் மகள். அவர்கள் வீட்டுத் துணியெல்லாம் அந்த லாண்டரிக்குத்தான் போகும். அவள் எழுந்து, "டீச்சர், டீச்சர், எங்கிட்டயும் இருக்கு! முத்து வெச்சது, நீலம்!" என்று குதித்தாள்.

"அடேயப்பா, ரெண்டு பேருகிட்டயும் ஒரே மாதிரியா!" என்றாள் சின்ன டீச்சர். "சரி, எவ்வளவு நேரம் போட்டேன்னு யாரும் கேக்கலியே?"

"ஒரு மணி நேரம்" என்றாள் பட்டாணி.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. "சின்ன டீச்சர், ஒரு நிமிஷம்" என்றால் போதும். தடுப்பு என் தோள் அளவுதான். ஆனால் என் மனதில் அப்போது ஓடியது வேறு. ஹெட்மாஸ்டர் மெச்சிய முறைதானே, நடக்கட்டும், நமக்கென்ன, நம் வகுப்பா, என்று ஓடியது. பாழும் மனது. முப்பத்திரண்டிலிருந்து பதினெட்டு போனால் பதினான்கு என்று எழுதினேன்.

கடைசியில் பட்டாணியை வாசிக்கச் சொன்னாள். அவள் பலகைக்குப் போய், விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டாள். "என் பிறந்த நாளுக்கு, அம்மா வேலை பார்க்கும் கடையிலிருந்து வந்த, முத்து வைத்த, நாற்பத்தேழு எண் போட்ட நீலக் கவுனை, நான் ஒரு மணி நேரம் போட்டேன்."

அரை வருடமாக இரண்டு எழுத்தைச் சேர்க்கத் தெரியாத குழந்தை. ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. எல்லாம் அவளுடைய சொற்கள்தானே. அந்த வகுப்பு கைதட்டியது. என் வகுப்பும் சேர்ந்து தட்டியது.

அன்று மாலை ஆறரைக்கு அவள் அம்மா வேலையிலிருந்து வந்தாள். குடையை மடக்கக்கூட விடாமல் பட்டாணி பிடித்துக்கொண்டாள். எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். எல்லாம் கேட்கும்.

"அம்மா, நான் வாசிக்கறேன். கேளு."

"நீயா? வாசிக்கறியா? ஏங்க, இங்க வாங்க, இவ வாசிக்கறாளாம்!"

பட்டாணி வாசித்தாள். "அடி என் தங்கமே! அப்படியே படிக்கறாளே! இன்னொரு தடவ படி" என்றாள் அவள் அம்மா. பெயிண்டர், "இவ என் பெயிண்டு மாதிரி. மெதுவாத்தான் காயும், ஆனா காஞ்சா ஒட்டிக்கும்" என்றார். இரண்டாவது தடவை வாசித்தாள். பாதியிலிருந்து அம்மாவின் குரல் இல்லை. மூன்றாவது தடவை யாரும் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தாள். "போதும்" என்றது அம்மாவின் குரல்.

கொஞ்ச நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஈரம் சொட்டுகிற புடவையைக்கூட மாற்றவில்லை.

"டீச்சரக்கா, இது எத்தன பேரு நோட்டுல இருக்கு?"

"எல்லார் நோட்டுலயும்."

"மருந்துக்கடை வீட்டுப் பொண்ணு நோட்டுல?"

நான் நோட்டைக் கையில் வாங்கினேன்.

"கவுன் அவங்களோடதுதான். இன்னைக்கு மத்தியானந்தான் எடுத்துட்டுப் போனாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன். 'ரொம்ப நல்லா தேய்ச்சிருக்கம்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க, டீச்சரக்கா." சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க அந்தப் பக்கத்துலதான இருந்தீங்க. இது உங்க காதுல விழலியா?"

"பிள்ளைங்க சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். பொய். கூசாமல் வந்தது.

சின்ன டீச்சருக்குப் போன் போட்டேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "நான் வாக்கியத்தத்தான் பார்த்தேன், டீச்சர். அது என்ன சொல்லுதுன்னு பாக்கல" என்றாள். அழுதாள். அழுது என்ன பண்ண?

பெயிண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நான் போய் அந்தம்மாகிட்ட நோட்டக் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன். தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்றேன்."

"போகாதீங்க" என்றாள் அவர் மனைவி. "கேட்டா, பாக்காததையும் எடுத்துப் பாப்பாங்க. அவங்க வீட்டுல தினமும் கையெழுத்து. யாரு படிச்சுப் பாத்துப் போடறா? கண்ண மூடிட்டுப் போட்டிருப்பாங்க."

அந்த நம்பிக்கையோடு மூன்று பேரும் என் வாசலில் நின்றோம். மழை பெய்துகொண்டிருந்தது. பட்டாணி அவர்கள் வீட்டுக்குள், நோட்டு இல்லாமலே, நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே நான் தடுப்பைத் தாண்டிப் போனேன். சின்ன டீச்சரும் நானும் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். முப்பது கையெழுத்து. சிலது சாய்ந்து, சிலது வளைந்து, ஒன்று பென்சிலில், ஒன்று பிள்ளையே போட்டுக்கொண்டது. அத்தனையும், சாட்சி போட்டதுபோல, அந்த ஒரே வாக்கியத்துக்கு அடியில். பட்டாணியின் நோட்டில் மட்டும் கையெழுத்து இல்லை. மருந்துக்கடை வீட்டு நோட்டில் அழகான கையெழுத்து. அதற்குக் கீழே சின்னதாக ஒரு வரி: "47 எங்கள் ரசீது."

அன்று காலையிலேயே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மாலை லாண்டரிக்குப் போனேன். மேசைமேல் பெட்டி குளிர்ந்து கிடந்தது. உரிமையாளர் கல்லாவில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"வாங்க டீச்சரம்மா. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். உக்காருங்க."

"பதினோரு வருஷம் உங்ககிட்ட வேலை பாத்திருக்கா. ஒரு துணி தீஞ்சதில்ல, ஒரு பட்டன் தொலஞ்சதில்ல."

"இல்லன்னு சொன்னேனா?"

"குழந்தைக்குப் பொறந்த நாளு. ஒரு மணி நேரம். அலசி, தேய்ச்சு, இருந்த மாதிரியே வெச்சிருக்கா. போட்டது யாருக்கும் தெரியவே இல்ல."

"அதான் டீச்சரம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். "தெரியவே இல்ல பாருங்க. கசங்கி, கறை பட்டு வந்திருந்தா, ஒரு தடவ நடந்து போச்சுன்னு விட்டுடுவேன். இவ்வளவு சுத்தமா செஞ்சவ இதுக்கு முன்னாடி எத்தன தடவ செஞ்சிருப்பாளோன்னு நாலு பேரு கேப்பாங்க. காலையிலேருந்து ஆறு பேரு வந்துட்டாங்க. அவங்க துணிய யாரு போட்டாங்கன்னு கேக்கறாங்க. என்னோட சட்ட கூட இங்கதான் தேய்க்கறது. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"இது ஒரு தடவதான் நடந்துச்சு. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் பார்த்தேன்."

அவர் கல்லாவை மூடினார். "அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டீச்சரம்மா. அவகிட்டயாவது."

எழுந்து போய், அடுக்கிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். உள்ளே அந்த நீலக் கவுன். "அந்தம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. அவங்க பொண்ணு இனிமே போடாதாம். அந்தக் குழந்தைக்கே குடுத்துடச் சொன்னாங்க. இத என் கடையில வெச்சிருக்க முடியாது. நீங்க பக்கத்து வீடுதான."

வரும் வழியில் ஒரு அசட்டு நினைப்பு எனக்கு. குழந்தையாவது சந்தோஷப்படும் என்று. பையை நீட்டியதும் அவள் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். வாங்கவில்லை.

"எச்சில் பண்ணிட்டோம்னு குடுத்துட்டாங்களா?" என்றாள். "எடுத்துட்டுப் போயிடுங்க, டீச்சரக்கா. அவ கண்ணுல காட்டாதீங்க."

அது என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் சுவருக்கு அப்பால் தட்டுச் சத்தம் மட்டும். பிறகு அவள் அம்மா சொன்னாள், "இனிமே பள்ளிக்கூடத்துல நம்ம வீட்டப் பத்தி வாயத் திறக்கக் கூடாது. புரியுதா?"

வெகு நேரம் கழித்து பட்டாணி கேட்டாள். "நான் தப்பா வாசிச்சேனாம்மா?"

"இல்லடி. சரியாத்தான் வாசிச்ச."

கடைத்தெருவில் இன்னும் இரண்டு லாண்டரிகள் உண்டு. இரண்டிலும், "ஆள் வேணும்னா சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அவள் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். மூன்றாவது வீட்டில் துணியும் துவைக்கக் கேட்டார்கள். பிறகு அவள் யாரென்று தெரிந்ததும் பாத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மழை விட்டது. பெயிண்டருக்கு ஒரு பெரிய வீட்டில் வேலை வந்தது. வாசல்படியில் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போய்விட்டது. வந்தால் நேராக உள்ளே.

சின்ன டீச்சர் அந்த முறையையே நிறுத்திவிடப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் விடவில்லை. "ஒரு வீட்டுல ஏதோ நடந்ததுக்கு முப்பது பிள்ளைங்க படிப்ப நிறுத்த முடியுமா?" என்றார். வேறு பிள்ளைகள் வீட்டுப் பூனைகளும் மாமாக்களும் புது நாற்காலிகளும் பலகையில் வந்து போயின. பட்டாணி எல்லாவற்றையும் வாசித்தாள். ஒரு முறை வழி திறந்ததும் அவளுக்கு எழுத்து பிடிபட்டுவிட்டது.

முப்பது பேர் முடிந்து மறுபடியும் அவள் முறை வந்தது. சின்ன டீச்சர் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் விடுமா? "டீச்சர், இன்னைக்குப் பட்டாணி! பட்டாணி முறை!" என்று கூச்சல்.

நாற்காலி நகர்கிற சத்தம். அவள் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கல, டீச்சர்."

"சரிம்மா. பரவாயில்ல. உக்காரு."

ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டாளே. கேள்வி தானாக வந்தது.

"எப்போ?"

பட்டாணி யோசித்தாள். "எப்பவும்."

"யாருக்கு?"

"யாருக்கும்."

"எப்படி?" என்றது ஒரு குரல். மருந்துக்கடை வீட்டுக் குழந்தைதான். அதற்கு என்ன தெரியும்?

"கதவ சாத்தியிருப்போம்" என்றாள் பட்டாணி.

வேறு வழியில்லாமல் சின்ன டீச்சர் எழுதினாள். சுண்ணாம்புக் கட்டி ஒரு முறை உடைந்தது. "கதவு சாத்திய எங்கள் வீட்டில் யாருக்கும் எப்போதும் ஒன்றும் நடப்பதில்லை." முப்பத்தொரு பிள்ளைகளும் குனிந்து எழுதினார்கள். பட்டாணியை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அவளே நின்று வாசித்தாள். விரல் வைக்கவில்லை. எழுத்தெழுத்தாக, தெளிவாக, என் பிள்ளைகள் கூட அப்படி வாசிக்க மாட்டார்கள்.

வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "டீச்சர், இத வீட்டுல வாசிக்கலாமா?"

சின்ன டீச்சர் பலகையைப் பார்த்தபடி நின்றாள். திரும்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை. தடுப்பின் மேல் கையை ஊன்றி, "வாசிக்கலாம்மா. தாராளமா வாசி" என்றேன்.

முப்பத்தொரு முகமும் என் பக்கம் திரும்பியது. பட்டாணி என்னையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாங்க பேசறது அந்தப் பக்கம் கேக்குமா, டீச்சர்?"

"கேக்கும்" என்றேன்.

அவள் நோட்டை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.